ஆறு அங்குலம்

நுழைவாயில் பலகையில் குவெய்ல் ரிட்ஜ் என்றிருக்கிறது.
காடை கிடையாது. மேடும் கிடையாது.
இண்டியானாவின் தட்டைச் சோளக்காட்டை வழித்துவிட்டுக் கட்டிய
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
சாம்பல் நிறத்தில் மூன்று சாயல் உண்டு,
நான்காவதற்கு அனுமதியில்லை.

சங்கத் தலைவி வெர்னா ஸ்டக்கியின் காரில்
எப்போதும் ஒரு மர அளவுகோல்.
புல் ஆறு அங்குலம் தாண்டினால் ஐம்பது டாலர்.
குப்பைத்தொட்டி விடிந்த பிறகும் தெருவில் நின்றால் இருபது.
வாசற்கதவுக்கு ஊதா அடித்த லமார் யோக்கமிடம்
பதினான்காம் பிரிவை மனப்பாடமாய் ஒப்பித்துவிட்டுச் சொன்னார்:
"கையெழுத்துப் போடுமுன் படித்திருக்க வேண்டும்."
நான் செயலாளர். சம்பளமில்லை.
அந்தக் கடிதங்களையெல்லாம் தட்டச்சு செய்தவை என் விரல்கள்.

பிப்ரவரியில் ஹார்ல்டன் நகரசபை ஒரு வரைபடம் வெளியிட்டது.
சிந்திய பால் மேசைவிளிம்பைத் தேடிப் போவதுபோல
நகர எல்லை நெடுஞ்சாலையோடு ஓடிவந்து
எங்களை வளைத்துக்கொண்டு
கூல்மனின் சோயா வயலில் போய்த் தேங்கியிருந்தது.
அங்கே கிடங்கு வரும்.
நானூறு லாரிகள் திரும்பும் முனை
எங்கள் பள்ளிப் பேருந்து நிற்கும் முனை.

நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் எதிர்த்தால்
இணைப்பு விழுந்துவிடும் என்றார்கள்.
இருநூற்று மூன்று கையெழுத்து.

வெர்னா பனியில் இறங்கினார்.
அபராதம் கேட்டுத் தட்டிய கதவுகளையே
மறுபடி தட்டினார்.
லமார் அவரைப் படியில் நிற்கவைத்து
காபியைக் கடைசி மடக்குவரை குடித்துவிட்டுப்
பேனாவை வாங்கிக்கொண்டார்.
"நகர வரிக்கு நீங்களே தேவலை."
வெர்னா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல். நகரசபை அரங்கு.
ஆளுக்கு மூன்று நிமிடம்; பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு.
சிவப்பு எரியத் தொடங்கியும் வெர்னா நிறுத்தவில்லை.
இருநூற்று இருபத்தொரு கையெழுத்துகளை
ரப்பர் வளையம் போட்டு மேசைமேல் வைத்தார்.
கைதட்டினோம். தட்டக் கூடாது என்றார்கள்.

நகரசபை வக்கீல் குரலே உயர்த்தவில்லை.
சின்னப் பையன், காதில் பழைய முகப்பருத் தழும்பு.
ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தார்.
வீடு வாங்கிய அன்று
கழிவுநீர்க் குழாய் இணைப்புக்காக நாங்கள் போட்ட ஒப்பந்தங்கள்.
நகரம் எப்போது இணைத்துக்கொண்டாலும் எதிர்ப்பதில்லை
என்று முப்பத்தோராம் பக்கத்தில்
எறும்பு நடந்த அளவில் ஒரு வரி.
செல்லுபடியானவை எண்பத்தெட்டு.
வெர்னாவுடையதையும் எடுத்துக் காட்டினார்,
நீல மையில் முதலெழுத்துகள் இரண்டு,
அளவெடுத்துப் போட்டாற்போல் நேராக.

அரங்கில் எல்லாருக்கும் ஒரே வாக்கியம்
நாக்கு நுனிவரை வந்தது.
லமார் வாயைத் திறந்தார்.
கூரையைப் பார்த்தார்.
மூடிக்கொண்டார்.

ஐந்துக்கு இரண்டு. நிறைவேறியது.
அன்றைய குறிப்பில் "கருத்துகள் கேட்கப்பட்டன" என்றிருக்கிறது.
அது பொய்யில்லை.

ஜூனில் வெர்னாவின் புல்வெளியில்
சீமைக்காட்டு முள்ளங்கி பூத்திருந்தது.
ஓர் இரவு, திருடன்போல, நானே அளந்தேன்:
ஏழரை அங்குலம்.
விதி விதிதானே. கடிதத்தை அடித்துவிட்டேன்.
அடியில் தலைவர் ஒப்பம் வேண்டும்,
தலைவர் அவர்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு
இரண்டு பக்கமும் படித்தார்.
திருப்பி, வெற்றுப் பின்பக்கத்தையும் பார்த்தார்.
சாலைக்கு அப்பால், சோயாவுக்கு நடுவே
அளவைக்காரர்களின் குச்சிகளில்
ஆரஞ்சு நாடா படபடத்தது.
கையெழுத்திட்டார். காசோலையும் எழுதினார், ஐம்பது டாலர்.
"இது செல்லும், இல்லையா?" என்றார்.

சேர்மானப் பதிவேட்டில் வரவு வைத்தேன்.
புல்லை அவர் அந்த வாரமும் வெட்டவில்லை.